முதல் போனில் என்ன சொன்னேன்

சொல்லியிருக்க மாட்டேன். சொல்லியிருந்தா தமயந்தி சிஸ்டர் உடனே எத்தனை பேர் மேடம்னு கேட்டிருப்பாளா? கேட்டிருப்பா. தினமும்தானே கேட்கிறா. பத்து நாளா காலையில காபி குடிச்ச வாயோட நான் போன் போடுறதும், பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவு மேசையிலேருந்து அவ எடுக்கிறதும், நான் விமானம் விழுந்திருச்சுன்னு சொல்றதும், அவ எத்தனை பேர்னு கேட்கிறதும், நான் வாய்க்கு வந்த கணக்கைச் சொல்றதும், ரெண்டு பேரும் ஒரு சிரிப்போட போனை வைக்கிறதும் நடந்துக்கிட்டுத்தானே இருக்கு. அந்தப் போனுக்கெல்லாம் தலைப்புல ஒரு வார்த்தை உண்டு. பயிற்சி, பயிற்சி, பயிற்சி. மூணு தடவை. அதைச் சொல்லாம ஆரம்பிச்சா ஊரே கலவரமாயிரும்னு அவசரத் திட்டப் புத்தகத்துல தடிச்ச எழுத்துல போட்டிருக்கு. அடுத்த வாரம் பெரிய ஒத்திகை, மேலிடத்துலேருந்து ஆள் வந்து பக்கத்துல நின்னு பார்ப்பாங்க, வாய் பழகட்டும் அமலான்னு நயினார் சார்தான் தினமும் பேச வச்சார். இந்த விமான நிலையத்துக்கே அவர்தான் மேலாளர், அவர் சொன்னா மறுபேச்சு ஏது. வாய் பழகிருச்சு. நல்லாவே பழகிருச்சு. இப்ப நிஜமாவே ஒரு விமானம் கடலுக்கு மேல சுத்திக்கிட்டு இருக்கு, முதல் போன் ஆஸ்பத்திரிக்குத்தான் போட்டேன், அதுல அந்த வார்த்தையைச் சொன்னேனா இல்லையான்னு எனக்கே தெரியலை. அடி கூறுகெட்டவளே, உன் வாயால பேசினது, சோத்துக் கை காயறதுக்குள்ள, அது எப்படித் தெரியாமப் போகும்? தெரியலையே. அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தா ஒண்ணுமே இல்லை, துடைச்சு வச்ச சிலேட்டு மாதிரி இருக்கு.

நிதானமா யோசி, அமலோற்பவம். டவர்லேருந்து கூப்பிட்டப்ப டிபன் டப்பாவைத் திறந்து வச்சிருந்தே. புளிச்சாதம், சுட்ட அப்பளம். அப்பளத்துல ஒரு துணுக்கு இப்பவும் கடவாப் பல்லுல சிக்கிக்கிட்டு இருக்கு, நாக்கு போய்ப் போய் அதையே நெருடுது. சென்னையிலேருந்து வர மத்தியான விமானம், இடது பக்கச் சக்கரம் இறங்கிப் பூட்டிக்கலை, முழு அவசர நிலை, எரிபொருளைத் தீர்த்துட்டு இறங்கப் போறாங்க, எழுபத்தி ரெண்டு பேர். இவ்வளவுதான் டவர்காரர் சொன்னது. நான் எழுதிக்கிட்டேன். கை நடுங்கலை, அதுல எனக்கு ஒரு பெருமைகூட வந்தது, அதை நினைச்சா இப்ப அருவருப்பா இருக்கு. நம்ம தீயணைப்பு வண்டிங்க மூணும் ஓடுபாதை ஓரத்துல போய் நின்னாச்சு. வெளியாட்களைக் கூப்பிடறது என் வேலை. போனை எடுத்தேன். எண்ணை அழுத்தினேன். அந்தப் பக்கம் மணி அடிச்சது. தமயந்தி எடுத்தா. அதுக்கப்புறம் அவ எத்தனை பேர்னு கேட்டா. நடுவுல நான் என்ன பேசினேன்? நாக்குதான் பேசிச்சு, நான் எங்கேயோ இருந்தேன். சின்ன வயசுல அம்மாகூட முழங்கால் போட்டு ஜெபமாலை சொல்றப்பவும் இப்படித்தான். வாய் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும், மனசு அடுப்படியில மீன் குழம்புல நிக்கும், கடைசி மணி கைக்கு வந்ததும்தான் அட முடிஞ்சுட்டுதேன்னு திடுக்கிடும். அப்ப நடுவுல ஒரு மணியைத் தாண்டியிருந்தா மாதாவுக்குத்தான் தெரியும், மாதா பொறுத்துக்கிடுவா. இது அப்படி இல்லையே. தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினது நல்லா ஞாபகம் இருக்கு. அங்க எடுத்தவர் காது மந்தம், கத்திப் பேசினேன், கத்துறப்ப மனுஷன் முழிச்சுக்குவான் போல. போலீஸுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் பேசினது ஒவ்வொரு சொல்லும் இருக்கு. முதல் போன் மட்டும் இல்லை.

ஜன்னல் வழியா பார்த்தா முன்வாசல் ரோடு தெரியுது. ஊர்த் தீயணைப்பு வண்டி ரெண்டு வந்துட்டுது. போலீஸ் ஜீப் வந்துட்டுது, சாயங்காலம் சந்தையில நிக்கிற மாதிரி குறுக்கே நிக்குது. ஆம்புலன்ஸ் ஒண்ணு, அது நம்ம சொந்த வண்டி, நம்ம டாக்டர் வரதராஜன் அதுக்குப் பக்கத்துல கையுறையை மாட்டறதும் கழட்டறதுமா நிக்கிறார். ஆஸ்பத்திரி வண்டி ஒண்ணையும் காணோம். பன்னிரண்டு வண்டி வரணும். ரெண்டு சர்ஜன் வரணும். ரத்தம் வரணும். வாசல் காவல்ல நிக்கிற பலவேசத்துக்குப் போன் போட்டேன். "ஆஸ்பத்திரி வண்டி தென்படுதா பலவேசம்?" "இல்லியே மேடம். ரயில்வே கேட்டு போட்டிருக்கும். இது பாசஞ்சர் வார நேரம்லா." ஆமா, கேட்டு. தீயணைப்பு நிலையமும் போலீஸும் கேட்டுக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். அதான் விஷயம். எனக்கு மூச்சு வந்தது. பன்னிரண்டு வண்டியும் கேட்டுக்கு அந்தாண்டை வரிசையா நின்னு சைரன் போட்டுக்கிட்டு இருக்கும், தமயந்தி மூச்சு முட்டக் கூப்பிட்டிருப்பா, டிரைவர்மாருக எல்லாம் கேட்கீப்பரை ஏசிக்கிட்டு இருப்பானுக. அந்தக் காட்சி கண்ணு முன்னாடி அப்படியே வந்தது. வந்த வேகத்துலேயே கலைஞ்சும் போச்சு. பாசஞ்சர் போயிருக்குமே. மேம்பாலம் கட்டித் தாங்கன்னு எத்தனை கூட்டத்துல எழுதிக் கொடுத்தோம். அந்தக் கூட்டத்துல ஒருத்தர் கேட்டார், வருஷத்துல ஒரு நாளைக்கு ஒரு மணி நேர ஒத்திகைக்காகவாம்மா பாலம் கேட்கிறீங்கன்னு. எல்லாரும் சிரிச்சாங்க, முந்திரி பக்கோடா சாப்பிட்டாங்க. நானும் சாப்பிட்டேன். கேட்டுதான் காரணம்னா நல்லது. கேட்டு என்னைக்காவது திறக்கும். நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தா அது திறக்காது.

திரும்பக் கூப்பிட்டுக் கேட்டா தீர்ந்தது. இதுக்கு என்ன இவ்வளவு யோசனை? கூப்பிடாமலா இருக்கேன். எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு. தமயந்தியோட செல்லுக்கு அடிச்சா எடுக்கலை, வார்டுல செல்லு வச்சுக்கக் கூடாதுன்னு லாக்கர்ல போட்டிருப்பா. எங்கேஜ்டா இருந்தா நல்லதுதானே, டாக்டருகளைக் கூப்பிட்டுக்கிட்டு இருப்பா. இல்லேன்னா சும்மா ஏதோ வார்டுல குளுக்கோஸ் தீர்ந்து போச்சுன்னு பேசிக்கிட்டு இருப்பா. ரெண்டுக்கும் ஒரே சத்தம்தான் வருது, கூ கூ கூன்னு. நூற்றெட்டுக்கு அடிக்கலாம்னா பெரிய விபத்துன்னு சொன்னதும் அவங்களும் அதே மேசையைத்தான் கேட்பாங்க, அப்படித்தான் திட்டம், எல்லாக் கயிறும் ஒரு முடிச்சுல போய் விழணும்னு நாங்களே உட்கார்ந்து போட்ட திட்டம். போனைக் காதுல வச்சுக்கிட்டே இருக்கேன், காது சுடுது. என் வீட்டுக்காரர் செத்த அன்னிக்கும் இப்படித்தான் சுட்டது. அன்னிக்கு அவரை ஐஸ் பெட்டியில வச்சுட்டு, ஒருத்தர் விடாம சொந்தக்காரங்களை நானே கூப்பிட்டேன். பெயர், நேரம், இடம், அடக்கம் எத்தனை மணிக்கு. தூத்துக்குடியிலேருந்து என் தம்பி சேவியர் சத்தம் போட்டான்: "என்னக்கா நியூஸ் வாசிக்கிறவ மாதிரி சொல்லுத? நிஜமாத்தான் சொல்லுதியா?" நிஜமாத்தான்டா சொல்றேன்னு சொன்னேன். அழுகை வரலை. வேலை செய்ற வாய் அது, அழுற வாய் வேற எங்கேயோ கிடந்தது. சேவியர் நம்பலை, பக்கத்து வீட்டுக்குப் போட்டுக் கேட்டுட்டுத்தான் கிளம்பினான். எதிர்ல திரையில வருகைக் கூடம் தெரியுது. விமானம் தாமதம்னு மட்டும் போட்டிருக்கோம், காரணம் சொல்லலை. ஒரு மனுஷன் தட்டுல ரெண்டு வடை வாங்கிட்டு நிக்கிறான், ஒண்ணைத் தின்னுட்டு இன்னொண்ணைப் பேப்பர்ல பொதிஞ்சு சட்டைப் பையில வச்சுக்கிறான். யாருக்கோ. வரப்போற யாருக்கோ. அந்தத் திரையை அணைச்சுடணும் போல இருந்தது.

நயினார் சார்கிட்ட கேட்டுடலாம். நாலு எட்டு தள்ளித்தான் உட்கார்ந்திருக்கார், நான் முதல் போன் பேசினப்ப தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எதுக்குப் பார்த்தார்? அந்த வார்த்தை காதுல விழுந்ததாலேயா? விழுந்திருந்தா ஏ அமலான்னு ஒரு அதட்டல் போட்டிருக்க மாட்டாரா? ஒருவேளை அவருக்கும் பத்து நாளா கேட்டுக் கேட்டுக் காது பழகியிருக்கும், மின்விசிறி சத்தம் மாதிரி, நின்னாத்தான் தெரியும். கேளுடி. கேட்டா என்னாகும்? கேட்ட நிமிஷத்துலேருந்து அது நடந்ததாயிடும். இப்ப வரைக்கும் அது பாதி நடந்தது, பாதி நடக்காதது. இந்தப் பாதியில நிக்கிறதுக்கு எனக்கு ஆசையா இருக்கு, அதான் உண்மை, எழுபத்தி ரெண்டு பேர் மேல சுத்துறப்ப எனக்கு இப்படி ஒரு ஆசை. இந்த அறையில பேசுற எல்லாப் போனும் பதிவாகும். நாளைக்கு ஒரு நீள மேசை போட்டு, தண்ணி பாட்டில் வச்சு, என்னை உட்கார வச்சு, என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டுவாங்க. நான் பேசினது நல்ல தெளிவா இருக்கும், உச்சரிப்புல ஒரு குறை சொல்ல முடியாது. அந்தக் குரலை இப்பவே வெறுக்கேன். எழுந்து போய்க் கேட்டுட்டேன். "சார், ஆஸ்பத்திரிக்குப் பேசும்போது நான் பயிற்சின்னு சொன்னேனா?" அவர் ஒரு காதுல சென்னை ஆபீஸ் போனை வச்சிருந்தார், போனோட வாயைக் கையால மூடிக்கிட்டு, "என்ன பயிற்சி?" அப்படின்னார். "முதல் போன்ல சார். பழக்கத்துல சொல்லிட்டேனான்னு." அவர் முகம் உடனே மாறலை. கொஞ்சம் கொஞ்சமா மாறிச்சு. "நான் கவனிக்கலையேம்மா. சொன்னியா?" "தெரியலை சார்." "தெரியலைன்னா?" சென்னை அவர் காதுல ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டு இருந்தது எனக்கே கேட்டுது.

அப்பத்தான் பலவேசம் கூப்பிட்டான். "மேடம், ஆஸ்பத்திரி வண்டி வந்துட்டு." கடவுளே. நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டேன். சொல்லலை, நான் சொல்லலை, வீணா என்னை நானே வதைச்சுக்கிட்டேன், கேட்டுதான், பாழாப்போன ரயில்வே கேட்டுதான். நயினார் சார் பக்கம் திரும்பி வண்டி வந்துட்டு சார்னு சொன்னேன், சத்தமாவே சொன்னேன், அழுகை அப்பத்தான் வந்தது. ஜன்னலுக்கு ஓடினேன். வெள்ளை வண்டி ஒண்ணு வாசல்ல நுழையுது. பின்னால அடுத்ததைப் பார்த்தேன். காணோம். தூசி அடங்குற வரைக்கும் பார்த்தேன். சைரன் இல்லை. வண்டி இடது பக்கம் கை காட்டி, மெதுவா, ஒரு ஸ்கூட்டருக்கு வழி விட்டு ஒதுங்கி, வேப்பமர நிழலைப் பார்த்து நின்னுது. கண்ணாடியில பழைய பிறைக் கீறல். இந்த வண்டியை எனக்குத் தெரியும். வருஷா வருஷம் ஒத்திகைக்கு அனுப்புற வண்டி இது. நல்ல வண்டியை எல்லாம் ஒத்திகைக்கு விட்டா நோயாளியை யார் பார்ப்பான்னு ஆஸ்பத்திரியில ஒரு வழக்கம், ஓட்டை வண்டியா ஒண்ணைக் கணக்குக்கு அனுப்பி வைப்பாங்க, நாங்களும் பன்னிரண்டு வந்ததாப் போட்டுக்குவோம், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. டிரைவர் இறங்கினான். தனியாத்தான் வந்திருக்கான். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. சோம்பல் முறிச்சான். பலவேசத்துகிட்ட என்னமோ கேட்டுச் சிரிச்சான். பலவேசம் போனை இன்னும் வைக்கலை, என் கையில இருந்த போன்ல டிரைவர் குரல் கேட்டுது: "எங்கண்ணே கையெழுத்து போடணும்? சீக்கிரம் விட்டா புண்ணியம், சலவைத் துணி பின்னால கிடக்கு, போட்டுட்டுப் போகணும்." அப்ப சொல்லியிருக்கேன். மூணு தடவையும் சொல்லியிருக்கேன். காலைப் போனுக்கெல்லாம் வண்டி வராது, மத்தியானமும் நான் கூப்பிடவும் பெரிய ஒத்திகையை முன்னாடியே வச்சுட்டாங்கன்னு தமயந்தி நினைச்சிருப்பா. நயினார் சார் என் பின்னால வந்து நின்னு கீழே பார்த்தார், அந்த வண்டியை அவருக்கும் தெரியும்.

டவர் ஒலிபெருக்கி பேசிச்சு, இறங்குறாங்கன்னு. இன்னும் ஒரு சுத்து இருக்கும்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். விமானம் கடல் பக்கத்துலேருந்து தாழ வந்தது, எவ்வளவு அழகா வந்ததுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, வலது காலை மட்டும் ஊனி ஓடுச்சு, ஓடுச்சு, இப்படியே நின்னுரும்னு நினைச்சேன். பிறகு இடது இறக்கை தொட்டுது. சத்தம் கண்ணாடியில வந்து மோதினப்ப விமானம் பாதையை விட்டுப் புல்லுல இறங்கித் திரும்பிக் கிடந்தது, இறக்கையடியில நெருப்பு, நம்ம வண்டிங்க நுரையைப் பீச்சிக்கிட்டே ஓடுதுங்க. பின்கதவு திறந்து ஜனங்க குதிக்கிறாங்க. முன்கதவு திறக்கலை. என் கை பாட்டுக்கு எண்ணை அழுத்திக்கிட்டு இருந்திருக்கு, காதுல மணி அடிச்சது, தமயந்தி எடுத்தா. "மேடம், வண்டி வந்து சேர்ந்துட்டுதா?" "சிஸ்டர், விமானம் விழுந்திருச்சு. நெருப்பு. எல்லா வண்டியையும் அனுப்புங்க." அவ லேசாச் சிரிச்சா, நல்ல மனுஷி, கெட்ட எண்ணம் கிடையாது. "இன்னிக்கு தத்ரூபமா இருக்கு மேடம். குரல்கூட நடுங்குது." பயிற்சிக்கு முன்னால வைக்க ஒரு வார்த்தை எங்ககிட்ட இருந்தது. நிஜத்துக்கு முன்னால வைக்க ஒண்ணுமே இல்லை, யாரும் யோசிக்கலை, நானும்தான். "தமயந்தி," அப்படின்னேன், அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "எனக்குத் தாலி கட்டினவர் மேல ஆணையா சொல்றேன். காலையில போட்டது மாதிரி இல்லை. நான் பழக்கத்துல பயிற்சின்னு சொல்லிட்டேன். நான்தான் சொன்னேன். இங்க ஆட்கள் எரியுறாங்க." அந்தப் பக்கம் ஏதோ டம்ளர் உருண்டு விழுற சத்தம், அவ யாரையோ பேர் சொல்லி அலறுற சத்தம், அவ அலறி நான் கேட்டதே இல்லை. அங்க போன் தொங்கிக்கிட்டுக் கிடந்திருக்கும், யாரும் வைக்கலை. கீழே அந்த டிரைவர் சிரிப்பெல்லாம் போய், வண்டியைப் புல்லுக்குள்ள ஓட்டிக்கிட்டுப் போய் நிறுத்தி, பின்கதவைத் திறந்து சலவை மூட்டைகளை எடுத்து எடுத்து வெளியே வீசினான். உள்ளே ஸ்ட்ரெச்சர் இல்லை. வெறும் தகரத் தரையில ஒரு பொம்பளையைப் படுக்க வச்சாங்க, பக்கத்துல ஒரு கிழவரை உட்கார வச்சாங்க, நம்ம வண்டியில ரெண்டு பேரை ஏத்தினாங்க, அதோட இடம் முடிஞ்சுது. மிச்சப் பேரை அந்த மூட்டைகள் மேல சாய்ச்சுப் போட்டாங்க. முன்கதவை இன்னும் வெட்டிக்கிட்டு இருந்தாங்க. டாக்டர் வரதராஜன் புல்லுல நடுவுல நின்னு ஒருத்தர் ஒருத்தராப் பார்த்தார், பிறகு தலையைத் தூக்கி ரோட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ரோடு காலியா கிடந்தது.